சாயப்பட்டறைத் தண்ணியும் பாஸ்டரம்மா தலையும்

...அதான் கேக்கறேன் பாஸ்டரம்மா, ஆத்தங்கரையில வைக்கப்போற அந்த இரும்புப் பலகையில மில்லு சாயப்பட்டறைப் பொண்ணுங்களப் பத்தி ஒரே ஒரு வரி போட்டா இரும்பு தேஞ்சா போயிடும்? தலைய ஆட்டாதீங்க, நீல ரின்ஸுச் சாயம் காதுல வழிஞ்சுரும். நரையில மஞ்ச தட்டாம இருக்கத்தான் இது. அஞ்சே நிமிசம், அலசிடலாம். இந்த வெர்னெல் கையில தலையக் குடுத்தாச்சுல்ல, கவலைய விடுங்க.

அதுல போட்டிருக்கு, முதலாளி அணை கட்டினாராம், மில்லு கட்டினாராம், நூத்தம்பது வீடு கட்டினாராம். அவரு எங்க கட்டினாரு? சுருட்டக் கடிச்சுக்கிட்டு மேட்டுல நின்னாரு. கல்லு சுமந்தது எங்கப்பா. வீடு அவரோடது, கடை அவரோடது, ரெண்டு சர்ச்சும் அவரு குடுத்த மரத்துல கட்டினது. மில்லு சங்கு ஊதினா எந்திரிப்போம், சங்கு ஊதினா திம்போம். மில்ல மூடி ஆறு வருசமாச்சு, எங்க வீட்டு நாய் இன்னும் பன்னெண்டு மணிக்கு ஊளை விட்டுட்டுத்தான் தட்டுல வாய வைக்குது... என்ன சொல்ல வந்தேன்? ஆங், பலகை.

அதுல கடைசி வரி இருக்கே, '1952ல் இவ்வாற்றில் நீல அற்புதம் நிகழ்ந்தது'ன்னு. ஞாயித்துக்கிழமை அதுக்குத் துணி விலக்க என்னையே கூப்பிட்டிருக்காங்க. அந்த வருசம் சாயப்பட்டறையில வேல பாத்தவங்கள்ல நான் ஒருத்திதான் மிச்சமாம். மூணு நாளாத் தூக்கமில்ல.

நீங்க ஊருக்குப் புதுசு, கேட்டுக்கங்க. ஞாயித்துக்கிழம மில்லு ஓடாது, அணைய அடைச்சிருவாங்க. கீழ தண்ணி குளமாட்டம் நிக்கும். நம்ம பாப்டிஸ்ட் சபைக்கு முழுக்கு ஞானஸ்நானம் அங்கதான். அன்னிக்கு பதினோரு பேரு, வெள்ள அங்கி. முங்கி எந்திரிச்சாங்க. காத்து பட்டுது பாருங்க... கண்ணு முன்னாலயே அங்கி பச்சையாகி, பச்ச நீலமாச்சு! அப்ப இருந்த பாஸ்டர் இடுப்பு வரைக்கும் நீலம். டீக்கன் ஹார்லனோட வழுக்கை பத்து நாளு நீலமாவே கெடந்துச்சு.

பரலோக நிறம்னு நம்மாளுங்க முழங்கால் போட்டாங்க. அந்த இன்னொரு சர்ச்சு மெத்தடிஸ்ட்டுங்க என்ன சொன்னாங்க? நெத்தியில நாலு சொட்டுத் தெளிச்சாப் போதாதா, ஆளையே முக்கினதுக்கு இது தண்டனைன்னாங்க. அன்னையிலேருந்து நம்ம பீச் பழ பை பலகாரத்த அவங்க தொடறதில்ல, அவங்க கோழிக்கறிய நாம தொடறதில்ல. என் கூடப் பொறந்த இமோஜின் மெத்தடிஸ்ட்டக் கட்டிக்கிட்டு மூணு தெரு தள்ளி இருக்கா. முப்பத்தஞ்சு வருசமாப் பேச்சில்ல. அவ கோழிக்கறி எப்படியிருக்கும் தெரியுமா... நெனச்சா அழுகையா வருது.

இத உங்க காதுல மட்டும் போடறேன். அது அற்புதமும் இல்ல, தண்டனையும் இல்ல. நான்தான். ஜீன்ஸ் துணிக்குப் போடற சாயம் இருக்கே, தொட்டிக்குள்ள பச்ச மஞ்சளாத்தான் இருக்கும், காத்து பட்டாத்தான் நீலமாகும். சனிக்கிழம கடைசி வேல, தொட்டியோட கழிவுக் குழாய அடைக்கறது. வேலி ஓரமா ஹாய்ட்டு வந்தான். மில்லு பேஸ்பால் டீம்ல ஆடுறவன், சாயங்காலம் ஆட்டம் பாக்க வர்றியான்னு கேட்டான். அவன் கேட்டது அந்த ஒண்ணுதான். மிச்சமெல்லாம் நான் பேசினேன். எங்க பாட்டி பீச் பை சுடுற பக்குவத்துலேருந்து ஆரம்பிச்சேன்... குழாயாவது ஒண்ணாவது! ராத்திரி பூரா சாயம் ஆத்துல ஒழுகியிருக்கு. பேச ஆரம்பிச்சா எனக்குக் கையில என்ன வேலையிருக்குன்னே மறந்துரும், அதான் என்கிட்ட உள்ள ஒரே...

பாஸ்டரம்மா. இந்த ரின்ஸ எப்பப் போட்டேன்?

துண்ட எடுக்காதீங்க. நானே எடுக்கறேன்... ம். கண்ணாடிய அப்புறம் பாக்கலாம். காபி வேணுமா?

அழாதீங்கம்மா. ஞாயித்துக்கிழம தொப்பி எதுவும் வேணாம், நிமிந்து போயி முன் பெஞ்சுல உக்காருங்க. நானும் அந்தக் குழாயப் பத்தி வாயத் தொறக்கல, துணிய மட்டும் விலக்கறேன். இந்த ஊருல நீலமா வந்து நின்னா ஒருத்தரும் காரணம் கேக்க மாட்டாங்க.