சிரித்த முகத்தைத் தொட்ட விரல்கள்

தலைமை ஏற்று, தளராத குரலால் எங்களைத் தாங்கி நிற்கும் சங்கத் தலைவர் அவர்களே! தையல் இயந்திரத்தின் முன்னே தலை நரைத்த பெரியோர்களே! பெற்ற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஷிப்ட் முடிந்து, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! உங்கள் அத்தனை பேருக்கும், உடன்பிறந்தவளைப் பறிகொடுத்த ஓர் அக்காவின் வணக்கம்.

என்ன, பின்னால் கேட்கவில்லையா? மைக்செட்காரரே, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். நான் புகழ் பாட வரவில்லை. ஒரே ஒரு சாட்சி கேட்டு வந்திருக்கிறேன். அது கிடைக்காவிட்டால் இன்னும் எத்தனை வீட்டில் இழவு விழுமோ, தெரியாது.

மேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, இந்த அம்மா யார்? மருத்துவரைப் பார்க்க வழியில்லாத ஏழையின் மனநோயைக் கைபேசி வழியாகவாவது கண்டுபிடிக்க முடியாதா என்று ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவர். நம் ஆலைக்கு ஒரு செயலி கொண்டுவந்தார். தினமும் ஒரு கேள்வி: 'இன்று எப்படி இருக்கிறீர்கள்?' கீழே ஒரு சிரித்த முகம், ஓர் அழுத முகம். அழுத முகத்தைத் தொட்டால் மேலும் பல கேள்விகள் வரும். அதற்கெல்லாம் பதில் சொன்னால் ஆலோசகர் அழைத்துப் பேசுவார். நல்ல எண்ணம். குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் கைபேசி எங்கே இருக்கும்? வேலை நேரம் முழுக்கப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். எப்போது கைக்கு வரும்? டீ இடைவேளையில். அந்த இடைவேளையின் நீளத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சிரிக்கிறீர்கள்! டீ ஆறுவதற்குள் மணி அடித்துவிடும். கழிப்பறைக்குப் போவதா, தொண்டையை நனைப்பதா, அழுத முகத்தைத் தொட்டுவிட்டுக் கேள்வி மேல் கேள்விக்குப் பதில் சொல்வதா? சிரித்த முகம் என்றால் ஒரே தொடுதல், வேலை முடிந்தது. தொட்டோம்! தையல் வரிசை தொட்டது. வெட்டும் வரிசை தொட்டது. இஸ்திரி வரிசை தொட்டது. புருஷனிடம் அடி வாங்கி வந்தவள் தொட்டாள். பிள்ளையை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வந்தவளும் தொட்டாள்.

என் தங்கையும் தொட்டாள். 'வாயாடி' என்று நீங்கள் பட்டப்பெயர் வைத்தீர்களே, அவள்தான். பிரசவத்துக்குப் பிறகு அந்த வாய் மூடிப்போனது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. மனசு கல்லு மாதிரி கெடக்கு."

"அந்த போன்ல அழுற மூஞ்சியத் தொட வேண்டியதுதானே? யாராவது பேசுவாங்கல்ல?"

"தொட்டா டீ குடிக்க முடியாதுக்கா. அதுவும் இல்லாம, சூப்பர்வைசர் பின்னாடியே நிக்கிறாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாவி, அப்படியொரு சிரிப்பு. அடுத்த வாரம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். அன்று காலையிலும் செயலியில் அவள் பதில் சிரித்த முகம்தான்.

நிர்வாகம் என்ன செய்தது? அந்தச் சிரித்த முகங்களையெல்லாம் கூட்டி, வரைபடமாக்கி, வரவேற்பறையில் மாட்டியது. 'எங்கள் தொழிலாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்!' வெட்கம் கெட்ட வரைபடம்! செத்தவளின் சிரிப்பும் அதில் சேர்ந்திருந்தது.

இந்த அம்மா நிர்வாகம் போட்ட மாலையை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. இத்தனை சந்தோஷம் எந்த வீட்டிலும் கிடையாதே என்று சந்தேகப்பட்டு, ஒரு நாள் இடைவேளையில் நம் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நம் விரல்களைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய், "நான் செஞ்சது பொய் சொல்லுது. பொய் சொல்லுற மாதிரிதான் நான் செஞ்சிருக்கேன்" என்றார். அப்படியே அறிக்கையும் எழுதினார். கேள்வியைச் சம்பள நேரத்தில் கேட்க வேண்டும். சூப்பர்வைசர் கண் படாத அறை வேண்டும். சிரித்த முகத்தையே தொடுகிறவரையும் ஒரு மனிதர் நேரில் வந்து விசாரிக்க வேண்டும்.

நிர்வாகம் கேட்கிறது: 'பதில் சொன்னவர்கள் தொழிலாளர்கள். பொய் என்று எந்தத் தொழிலாளி சொன்னார்? காட்டுங்கள்!' காட்டாவிட்டால் அறிக்கை குப்பைக்கூடைக்கு. அதே செயலி, அதே டீ இடைவேளையில், மற்ற ஆலைகளுக்கும் போகும். அங்கேயும் யாருக்கோ தங்கைகள் இருக்கிறார்கள்.

ஏன் யாரும் சொல்லவில்லை? தெரியும் தாயே, தெரியும். பைத்தியம் என்று முத்திரை குத்துவார்கள். வேலை போகும். யாரம்மா அது, 'உனக்குப் பயமில்லையா' என்று கேட்பது? இருக்கிறது! பயத்தோடுதான் பேசுகிறேன், அவ்வளவுதான்.

அறிக்கை எழுதிய அம்மா, பேனாவை எடுங்கள். நான் தையல் வரிசைக்காரி. தங்கை போன பிறகும் சிரித்த முகத்தைத்தான் தொட்டேன். அது பொய். நான் நன்றாக இல்லை. அவள் உட்கார்ந்த இயந்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நானும் போய்விடலாமா என்று தோன்றுகிறது. என்னிடம் யாராவது வந்து பேச வேண்டும். என் பெயரைப் போட்டே எழுதுங்கள்.

யாரது எழுந்து நிற்பது? இஸ்திரி வரிசை அக்காவா? உட்காராதீர்கள் அக்கா. அழுதால் அழுங்கள், ஆனால் நின்றுகொண்டே சொல்லுங்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. மைக்கை அக்காவிடம் தருகிறேன். இனி அவர் பேசட்டும். வணக்கம்.