சிவப்பு வட்டம்

— சூரியன்தான் பிள்ளை! யப்பான்காரன்ர கொடியில கிடக்கிற அதே சிவப்பு வட்டம். சல்லிக் கிராமத்தில, இரவில விளக்கை நூக்கச் சொல்லி எங்கட நோட்டீஸ் ஒட்டின சுவர் ஒவ்வொண்டிலயும் போட்டிருக்கிறாளவை.

— இராசநாயகம் ஐயா, ஒரு நிமிசம், நான் சொல்லுறதைக் கேளுங்கோ...

— கேக்க ஏலாது! சித்திரையில அவன்ர குண்டு விழுந்து சீனன்குடா எண்ணெய்த் தாங்கி எரிஞ்ச மணம் இன்னும் மூக்கை விட்டுப் போகேல்லை. அதுக்குள்ள அவனுக்கு அடையாளம் காட்டுறாளவை. பின்னேரம் நேவிக்காரன்ர லொறி சல்லிக்குப் போகுது. நோட்டீசில கை வச்ச பொம்பிளையளை ஏத்துவாங்கள். ஆர் ஆர் எண்டு நீ சொல்லு.

— ஏன் நான்?

— வீடு வீடாத் திரிஞ்சவள் நீதானே, புஸ்பராணி? "சனம் என்ன நினைக்குது எண்டு விசாரி" எண்டு துரை உன்னைக் கந்தோரில வேலைக்கு வச்சார். விசாரிக்கிறதாம்! நோட்டீஸ் எண்டா அடிக்கிறது, ஒட்டுறது. சனம் வாசிக்கும், செய்யும். முடிஞ்சுது.

— செய்ததோ? சல்லியில ஒரு வீட்டிலயாவது இரவில விளக்கு நூந்ததோ?

— அதைத்தான் துரோகம் எண்டுறன்.

— ஐயோ, இல்லை ஐயா! உங்கட நோட்டீசை நீங்கள் வடிவாப் பாத்தனீங்களோ? இந்தாங்கோ. ஒரு பொம்பிளை விளக்கை வாயால ஊதி நூக்கிறாள். சுளகளவு முகம். நெத்தியைப் பாருங்கோ.

— நெத்தியில என்ன? ஒண்டுமில்லை.

— அதேதான்! ஒண்டுமில்லை! கொழும்பில கீறினவன் பொட்டு வைக்க மறந்திட்டான். புருசன் கடலில நிக்கேக்க ஒருத்தி இதைப் பாத்தா என்ன விளங்கும்? விளக்கை நூத்தா உன்ர தாலியும் போகும் எண்டுதானே? பிறகு நூப்பாளோ?

— கதை விடாதை.

— கதையில்லை, கேட்டனான்! அது கொடியில்லை ஐயா, குங்குமம். படத்தில இருக்கிறவளுக்குப் பொட்டு வச்சு விட்டிருக்கினம். இந்தாங்கோ, சல்லிச் சுவரில உரிச்சுக்கொண்டு வந்தது, மணந்து பாருங்கோ!

— தள்ளிப் பிடி, பிள்ளை! இவ்வளவு பெரிசாவோ பொட்டு?

— இந்த முகத்துக்கு மிளகளவிலயோ வைக்கிறது?

— வாய் காட்டாதை. கிண்ணியாவிலயும் இதே நோட்டீஸ்தான். அங்க ஒரு சிவப்பும் இல்லை, விளக்கெல்லாம் நூந்து கிடக்கு. ஏன்? அவை ஒழுங்கான சனம்.

— அங்கயும் போனனான்! உம்மு குல்சும் ராத்தாவுக்குக் காட்டி, "இதில ஏதும் குறை தெரியுதோ?" எண்டு கேட்டன். "குறையோ? ஒண்டும் இல்லையே மகள்" எண்டா. அவை பொட்டு வைக்கிறேல்லையே ஐயா! அதே படம், அதே எழுத்து. அங்க நூருது, இங்க நூரேல்லை. அடிக்க முன்னம் நாலு வீட்டில காட்டிக் கேட்டிருந்தா...

— கேட்டிருந்தா, கேட்டிருந்தா! கட்டுக்கட்டா அடிச்சாச்சு. பிழை எண்டு துரைக்கு முன்னால போய் நிண்டு நான் சொல்லுறதோ? அதைவிட நாலு பேரை ஏத்துறது சுகம்.

— பொட்டு வச்சு நோட்டீசைத் திருப்பி அடிப்பம் ஐயா. நூக்கச் சொல்லாமல், விளக்கைப் பானைக்குள்ள வச்சு அரைவாசி மூடச் சொல்லுவம். எரிஞ்சபடி இருக்கும், மேல பறக்கிறவனுக்குத் தெரியாது. சல்லிப் பொம்பிளையளே சொன்ன யோசனை!

— துரோகியளிட்டயோ யோசனை கேக்கிறாய்? என்ர வீட்டைப் பார். படலையில நானே ஒட்டினனான். என்ர மனிசி ஒரு வாய் கதைச்சவளோ?

— நீங்கள் வீட்ட போய் ஒரு கிழமை. கந்தோரிலதானே படுக்கை.

— யுத்த நேரம்! எனக்குக் கடமை பெரிசு. கதையை மாத்தாதை. முதல் வட்டம் போட்டவள் ஆர்? அவளைப் பாத்துத்தானே மற்றவளவை பழகினது? அவளைத்தான் முதல் ஏத்தவேணும். பேரைச் சொல்லு, இல்லாட்டி உன்னையும் அதே லொறியில ஏத்துவன்.

— வேண்டாம் ஐயா, கேக்காதைங்கோ.

— பேர்!

— அவ ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்கேல்லை. மீன் கொண்டு வாற சல்லிப் பொம்பிளையள் அவவின்ர படலையில கண்டிட்டுத்தான் தாங்களும் வச்சவை. "அவர் குண்டு விழுற இடத்தில படுத்துக் கிடக்கிறார். பொட்டில்லாதவளை வாசலில எப்பிடிப் பிள்ளை விட்டு வைப்பன்?" எண்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ.

— ஆரடி அவள்?

— யோகம்மா அக்கா. உங்கட மனிசி. இப்ப சொல்லுங்கோ ஐயா, லொறி முதல்ல எந்தப் படலையில நிக்கவேணும் எண்டு நினைக்கிறீங்கள்?