தொடையில ஒரு தடிப்பு

இல்லீங்க, செல்போன உள்ள வைங்க. போட்டோவப் பாத்து மருந்து தர மாட்டேன். மருந்துக் கடைதான், அலமாரி நெறய களிம்பு இருக்குதான். மனுசன்னா வலிக்குதா அரிக்குதான்னு வாயத் தெறந்து சொல்லுவான். உங்க பூனை சொல்லுமா?

கோவிச்சுக்காதீங்க. ஒரு நிமிஷம், காரணத்தச் சொல்லிடுறேன்.

எங்க அக்கா ஒரு நாய் வளத்தா. குண்டன்னு பேரு. மாமா போனப்புறம் அவளுக்கு வீட்ல பேச்சுத் தொணையே அதுதான். ஒரு நாள் அதோட தொடையில செவப்பா, கொசு கடிச்ச மாதிரி ஒரு தடிப்பு. போட்டோ அனுப்பி, டாக்டர்கிட்ட காட்டட்டுமாடான்னு கேட்டா. நான் சிரிச்சேன். அட, வெறும் அரிப்புதான்க்கா, இதுக்குப் போயி ஆஸ்பத்திரிக்கு அலையணுமான்னு ஒரு களிம்பக் குடுத்து விட்டேன்.

அமுங்கிடுச்சுங்க! அதான் வினையே. ரெண்டாவது போட்டோல பாதியாயிருந்துச்சு. என் தம்பி கைராசிக்காரன்னு தெரு பூரா சொல்லிட்டா. எனக்கும் தலை கால் புரியல.

அப்புறம் அது புண்ணாகி, குண்டன் சோத்தத் தொடலன்னதும் அவளே தூக்கிட்டு ஓடியிருக்கா. டாக்டரம்மா வெரல வச்சு அமுக்கிப் பாத்தாங்களாம். ஊசியால துளி உறிஞ்சி, கண்ணாடித் துண்டுல தடவி, மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்திருக்காங்க. புத்துநோய். கொசுக்கடி, சொறி, எப்படி வேணா வேஷம் போடுமாம். என் களிம்பு வீக்கத்த மட்டும் அமுக்கி வச்சிருக்கு. உள்ள அது பாட்டுக்குப் பரவிடுச்சு. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா வெட்டி எடுத்திருப்பேன்னாங்களாம்.

இந்த மருந்த யாரு குடுத்ததுன்னும் கேட்டிருக்காங்க. நானாத்தான் வாங்கிப் போட்டேன்னுட்டா அக்கா. என்னக் காட்டிக் குடுக்கல. போட்டோல அப்படித்தானடா தெரிஞ்சுது, நீ என்ன பண்ணுவேன்னு என்னையே தேத்துறா.

ம்... நீங்களும் அதத்தான் சொல்றீங்க. தெரியாமத்தானே பண்ணீங்கன்னு.

அதுக்கு முன்னாடி, மூணாவதா ஒரு போட்டோ அக்கா அனுப்பியிருந்தா. அன்னிக்குக் கடையில கூட்டம். நான் அதத் தெறக்கவே இல்ல. அதே களிம்பப் போடுக்கான்னு பதில் மட்டும் அனுப்பிட்டேன். குண்டனப் பொதச்சுட்டு வந்து, கையக் கழுவிட்டுத்தான் தெறந்து பாத்தேன். தடிப்பு புண்ணா வெடிச்சிருந்துச்சு. அன்னிக்கே பாத்திருந்தா, குண்டனத் தூக்கிட்டு நானே விழுந்தடிச்சு ஓடியிருப்பேன்.

அக்காகிட்ட இத இன்னும் சொல்லல.

சரி, நீங்க வீட்டுக்குப் போயி பூனையத் தூக்கிட்டுக் கெளம்புங்க. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருதான். ஆறு மணிக்கு மூடிடுவாங்க.