ஒரு நட்சத்திரமும் இல்லாத மழைக்கோட்டு

தேன்மொழி: ...ஆமாங்க, சென்னைதான். தியாகராய நகரில் எங்கள் நிறுவனம் இயங்குகிறது. சேலை கட்டி ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களுக்கான மழைக்கோட்டு, எங்கள் சொந்தத் தயாரிப்பு.

பாக்கியம்: பேப்பரப் பாத்து வாசிக்கீங்களோ?

தேன்மொழி: இல்லைங்க... மனதிலிருந்துதான் சொல்கிறேன்.

பாக்கியம்: சரி. நான் பாக்கியம், பெங்களூருல இருந்து பேசுதேன். ஆன்லைன்ல ஒங்க கோட்டப் பாத்தேன். கீழ ஒரு நட்சத்திரம்கூட இல்லையே?

தேன்மொழி: அது வந்து... புதுக் கடைங்க. நீங்க வாங்கினா நீங்கதான் முதல் ஆளு.

பாக்கியம்: மொத ஆளா மாட்டுததுக்கு நான்தான் கெடச்சேனா? போன வருஷம் வேறொரு கடையில கோட்டுக்கு ஆர்டர் போட்டேன். வந்தது நாலு வயசுப் பிள்ளைக்கு. முயல் படம் வேற. அந்த நம்பர இன்னைக்கு வரைக்கும் எவனும் எடுக்கல.

தேன்மொழி: ஐயோ அக்கா... நாங்க அப்படி இல்ல.

பாக்கியம்: எல்லாரும் இதத்தான் சொல்லுதாவ. நான் ஸ்கூட்டர்ல மீன் விக்கவ. நனைஞ்சு காய்ச்சல்ல படுத்தா பொழப்பு போச்சு.

தேன்மொழி: பெங்களூர்ல மீனா?

பாக்கியம்: ஏன், அங்க உள்ளவன் மீன் திங்க மாட்டானா?

தேன்மொழி: இல்ல... நீங்க கேமராவ ஓடவிட்டு பார்சலப் பிரிங்க, அதுவே சாட்சி. சரியில்லன்னா நானே திருப்பி எடுத்துக்கிடுதேன்.

பாக்கியம்: எடுத்துக்கிடுதேனா... மெட்ராஸ்ல இப்படியா பேசுதாவ?

தேன்மொழி: ...சிக்னல் சரியில்லைங்க.

பாக்கியம்: சிக்னல் நல்லாத்தான் இருக்கு. படத்துல கோட்டுக்குப் பின்னால நெல்லையப்பர் தேரு நிக்கே, அது எப்பம் தியாகராய நகருக்குப் போச்சு?

தேன்மொழி: ஐயோ... தேரு படத்துல விழுந்துட்டா?

பாக்கியம்: நல்லாவே விழுந்துருக்கு. இப்பம் எந்த ஊருன்னு சொல்லும்மா.

தேன்மொழி: சொன்னது பொய்தான்க்கா. இங்கன திருநெல்வேலி டவுண்ல, ஒரு மாடியில ஒத்த மிஷின வச்சு தைக்கேன். ரெண்டு மாசமா ஒரு ஆர்டர் வரல. இந்த மழைக்குள்ள ஒண்ணாவது போகலன்னா, எல்லாத்தையும் மூடிட்டு பழையபடி ஜவுளிக்கடையில போய் நிக்கணும். நம்ம ஊரு பேரப் போட்டா யாரு நம்புவான்னுதான்...

பாக்கியம்: அல்வா வாங்க ஊரு உலகத்துல இருந்து இங்க வாரான். ஒன் கை வேலைக்கு மட்டும் மெட்ராஸ் பேரு வேணுமோ? இந்த வெக்கத்த ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

தேன்மொழி: யாரும் சொல்லலக்கா... தானா வந்துட்டு.

பாக்கியம்: தானா வந்தது தானா போவாது, நாமதான் வெரட்டணும். இப்பம் உண்மையச் சொல்லு. கோட்டுக்குள்ள தண்ணி எறங்குமா?

தேன்மொழி: சேல நனையாது. கழுத்து வழியா மட்டும் லேசா எறங்கும். ஒரு துண்டச் சுத்திக்கிடணும். இதச் சொன்னா நீங்க வாங்க மாட்டீய, தெரியும்.

பாக்கியம்: எத்தன கடையில கேட்டிருக்கேன்... எறங்கும்னு சொன்னவ நீ ஒருத்திதான்.

தேன்மொழி: அப்போ... வாங்குதீங்களாக்கா? பெங்களூர் அட்ரஸச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்.

பாக்கியம்: பெங்களூரா... அத நான் கண்ணால கண்டதே இல்ல. நீ மெட்ராஸ்னு சொன்ன, பதிலுக்கு நானும் பெங்களூர்னு ஒண்ணு விட்டேன். தேருப் பக்கத்துல விசாரிச்சு வந்து, அரமணி நேரமா ஒன் மாடிப்படிக்குக் கீழதான் நிக்கேன். கூட மீன் விக்கவளுவ ஆறு பேரு சொட்டச் சொட்ட நிக்காளுவ. இஞ்சு டேப்ப எடுத்துட்டு எறங்கி வாட்டி.