எச்சில் படாத இரண்டாம் பாகம்

மழைக்காலத்தில் மட்டாஞ்சேரியில் பப்படமும் பழைய புத்தகமும் ஒன்றுதான் சார். இரண்டும் நமுத்துப் போகும்.

மிளகு வியாபாரிக்கு எதற்குக் காமிக்ஸ் என்று கேட்டீர்கள். விண்வெளிப் படங்களைச் சித்திரக் கதையாகப் போட்ட பழைய அமெரிக்கப் புத்தகங்கள் என் பைத்தியம். அதில் ஒரு படம் மூன்று பாகமாக வந்தது. முதலும் மூன்றும் என்னிடம். இரண்டாவது, பேங்க் காஷியராக இருந்து ஓய்வுபெற்ற வெங்கிட்டு சாமியிடம்.

விலை கேட்டேன். அவர் சொல்லவே இல்லை. பேரத்துக்குள்ளேயே வளர்ந்த நான் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சாமி அதைத் தினமும் எடுத்துப் படிப்பார். நோட்டு எண்ணிய பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டுவார். அதுவரை ஒரு மூலைகூட மடங்காத புத்தகம் சார்.

எச்சில் வேண்டாமே என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"எடோ, காமிக்ஸ் வாசிக்கத்தானே? கொலுவிலயா வைக்கறது?" என்று சிரித்தார்.

அவர் வீட்டில் ஒரே அறையில்தான் ஏசி. புத்தகங்களுக்காகப் போட்டது, சாமியும் அங்கேயே படுப்பார். கர்க்கடக மாத மழையில் அவர் மனைவி கங்கா மாமி தேவராவில் தங்கை வீட்டுக்குப் போனார். ஒருநாள் தங்கிவிட்டு வாருங்கள் என்றவனும் நான்தான். அன்று சாயங்காலம், எங்கள் கிடங்கில் பூச்சிக்கு வைக்கிற மாத்திரைகளைத் துணியில் முடிந்து சாமியின் புத்தக அலமாரிக்குள் வைத்தேன். கிடங்கில் அதை வைத்தால் பூட்டிவிட்டு நாங்கள் எல்லோரும் விலகிவிடுவோம். அதைச் சாமியிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

"ஜன்னல் திறக்கண்டா சாமி, ஈரம் கேறும்" என்றேன்.

"என் புஸ்தகத்து மேல என்னைவிட உனக்குன்னா கரிசனம்" என்று முதுகில் தட்டினார்.

மறுநாள் மாமி வந்து கதவைத் திறந்தார். மாரடைப்பு என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். காரியங்கள் முடிந்து மாமி புத்தகங்களை விற்றபோது, கேட்ட விலையைக் கொடுத்தேன். என் ஆயுளில் பேரம் பேசாமல் வாங்கியது அது ஒன்றுதான். அதனால் வாக்குமூலத்தில் திருட்டு என்று மட்டும் எழுதாதீர்கள்.

பூண்டே சேர்க்காத வீட்டில் அன்று பூண்டு நாற்றம் அடித்ததாக மாமி உங்களிடம் சொன்னாராம். அந்த மாத்திரை விடுகிற விஷவாயுவுக்கு அதே நாற்றம்தான். சரக்கைப் பார்த்தேன், அது இருந்த வீட்டை யோசிக்கவில்லை.

கொன்றது நான்தான். ஆனால் அலமாரியில் ஒரு பூச்சி இல்லை சார். இரண்டாம் பாகத்தை வாங்கிய அன்றைக்கே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இனி யார் விரலும் படாது, என் விரல் உட்பட. கதையின் நடுவில் என்ன ஆகிறதென்று எனக்குத் தெரியாது.

சாமிக்கு அது மனப்பாடம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.