வேனுக்குள் இருக்கும் ஆள்

— ஒரே ஒரு கையெழுத்து மேடம். வாசல்லயே போட்டுக் குடுத்தீங்கன்னா அப்படியே கிளம்பிடுவேன்.

— ஆள் எங்க, இன்ஸ்பெக்டர்?

— வேன்ல. கேட்டுக்கு வெளியில.

— மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கு ரிமாண்டுக்குக் கூட்டிட்டு வந்தா, ஆளை என் முன்னாடி நிறுத்தணும். வேனுக்குள்ள பூட்டி வைக்கக் கூடாது.

— தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான். அவனும் பாக்கறதுக்கு அப்படி ஒண்ணும் லட்சணமா இல்ல.

— குளிப்பாட்டி, தலை சீவிக் கூட்டிட்டு வரச் சொல்லல. இறக்குங்கன்னேன்.

— காவலுக்கு ரெண்டே பேரு. மிச்சப் பேரை மந்திரி வர்ற ரோட்டுல நிறுத்தியாச்சு. இவன் இறங்கி ஓடினா நான்தான் துரத்தணும், இந்தத் தொந்தியோட.

— கூட்டத்துமேல தண்ணி அடிக்கிற வண்டி ஒண்ணு புதுசா வாங்கியிருக்கீங்களே, பளபளன்னு. அதுக்கு நிதி இருக்கு. காவலுக்கு ஆள் இல்லையா?

— அதெல்லாம் மேல இருக்கறவங்க வாங்கறது மேடம். ஸ்டேஷனுக்கு வர்ற டீசல் காசு பாதி மாசத்துல தீந்துடும். அப்புறம் யார் புகார் குடுக்க வர்றாங்களோ, அவங்க வண்டியிலதான் விசாரணைக்கே போறோம்.

— சொல்ல வெக்கமா இல்ல?

— வெக்கப்பட நேரம் ஏது மேடம்? கோர்ட்டு மாதிரி எங்களுக்கு மாசக்கணக்குலயா லீவு விடறாங்க?

— எங்க கூரையில ஒழுகற தண்ணியைப் பிடிக்க வாளி வாங்கக்கூட நிதி கிடையாது. மூணு கோர்ட்டுக்கு ஒரு டைப்பிஸ்ட். அரசு வக்கீல் வந்தா சாட்சி வரமாட்டான், சாட்சி வந்தா நீங்க வரமாட்டீங்க.

— அதான் நாங்களே அங்கங்க முடிச்சு விட்டுடறோம். உங்ககிட்ட விட்டா, பிடிச்சவன் பேரன் பேத்தி எடுத்தப்புறம்தான் தீர்ப்பு வரும்.

— முடிச்சு விடறது உங்க வேலை இல்ல. பிடிக்கிறது நீங்க. அடைக்கலாமா வேண்டாமான்னு சொல்றது நான்.

— படிச்சிருக்கேன் மேடம், பரிட்சைக்கு.

— பாஸ் பண்ணின மாதிரி தெரியல. என்ன பண்ணினான் இவன்?

— வெல்டர். ஸ்டேஷன் ஜன்னல் கண்ணாடியைக் கல்லெடுத்து உடைச்சுட்டான். அரசாங்கச் சொத்து. அதைப் போட நிதி வாங்கறதுக்குள்ள எங்களுக்கு நாக்கு தள்ளிடுச்சு.

— எதுக்கு உடைச்சான்?

— திமிர்.

— திமிருக்குச் சட்டத்துல எந்தப் பிரிவு?

— இன்னைக்கு மட்டும் ஏன் மேடம் இப்படி நோண்டறீங்க?

— ஆளை நேர்ல பாக்காம ரிமாண்ட் பண்ணக் கூடாதுன்னு மேல் கோர்ட்டுலருந்து உத்தரவு வந்திருக்கு.

— உத்தரவுக்கு டீசலா போடணும், அனுப்பிட வேண்டியதுதானே.

— இன்ஸ்பெக்டர், ஆள் வர்றானா, இல்ல நான் கதவைச் சாத்திட்டு உள்ள போகட்டுமா?

— சரி, சரி. ஏட்டு, அவனை இறக்குங்க. மெதுவா. டேய், மேடம் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நேரா நில்லு.

— ஏன் நொண்டறான்?

— பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்.

— உங்க ஸ்டேஷன் பாத்ரூம்ல வழுக்கி விழாத ஆளை நான் பாத்ததே இல்ல. தரையைத் தேய்ச்சுக் கழுவவும் நிதி இல்லைன்னு சொல்லிடுங்க.

— சொல்லத்தான் வந்தேன் மேடம்.

— நீங்க கேட்டுக்கு வெளியில போய் நில்லுங்க. போங்க. வாப்பா வெல்டர், இப்படி நிழலுக்கு வா. பயப்படாதே. அடிச்சாங்களா?

— ஆமாம்மா.

— எங்க?

— உள்ளங்கால்ல.

— நினைச்சேன். முதல்ல உன்னை ஆஸ்பத்திரியில காட்டணும்னு எழுதறேன், மத்ததெல்லாம் அப்புறம். காக்கிச் சட்டையைப் போட்டுட்டா இவங்களுக்குக் கண்ணு மண்ணு தெரியறதில்ல. நீ எதுக்குப்பா கண்ணாடியை உடைச்சே?

— எங்க அண்ணன் எப்படிச் செத்தான்னு கேக்கப் போனேம்மா. நாலஞ்சு தடவை போனேன். நாயை விரட்டற மாதிரி விரட்டினாங்க. எதையாவது உடைச்சா பிடிச்சு உங்ககிட்ட கொண்டாருவாங்கன்னு டீக்கடையில சொன்னாங்க. அதான் உடைச்சேன்.

— என்கிட்டயா?

— உங்களைப் பாக்கறதுக்குத்தாம்மா. கோர்ட்டுக்கு வந்தேன், உள்ள விடல.

— உங்க அண்ணன் எப்ப செத்தாரு?

— போன மாசம். ஜெயில் வாசல்ல வேன்லருந்து இறக்கும்போது உயிர் இல்ல.

— ஓ, அந்தக் கேஸா. நெஞ்சுவலின்னு போலீஸ் ரிப்போர்ட் குடுத்தாங்களே. இவங்க ரிப்போர்ட்டை யார் நம்பறது. சொல்லு, உனக்கு என்ன தெரியும்?

— ஸ்டேஷன்லருந்து வேன் பின்னாடியே சைக்கிள்ல வந்தேம்மா. இந்தா, இந்தக் கேட்டுக்கு எதிர்ல நின்னேன். நீங்க குளிச்சிட்டிருக்கீங்கன்னு சொல்லி, கையெழுத்தை மட்டும் உள்ளருந்து வாங்கிட்டு வந்தாங்க. அப்ப அவனுக்கு மூச்சு இருந்துச்சும்மா.