இடது பக்கத்து விடை

இல்லைங்க சிஸ்டர், அந்தப் பக்கமாப் போகாதீங்க. இப்படிச் சுத்தி வாங்க, அவரோட வலது பக்கமா. ஆங், அங்கதான். அந்த நாற்காலியில உக்காந்தீங்கன்னா முழிச்சதும் உங்களைப் பாப்பார். இந்தப் பக்கம் உக்காந்தீங்கன்னா நீங்க இந்த ரூம்லயே இல்லை. சும்மா சத்தமாவே பேசுங்க, எழுந்திருக்க மாட்டார். காலை மாத்திரை போட்டா பத்து, பத்தரை வரைக்கும் இந்தத் தூக்கம்தான்.

என்ன, கால்ல இடிச்சுக்கிட்டீங்களா? அந்தப் பெட்டியா? இருக்கட்டும், அதை நகத்தாதீங்க. அப்புறம் சொல்றேன்.

ஏஜென்சியில என்ன சொன்னாங்க உங்ககிட்ட? பக்கவாதம், இடது கை கால் வராது, அவ்வளவுதானே? அது பெரிய விஷயம் இல்லை. கைத்தடி வெச்சு பாத்ரூம் வரைக்கும் நடந்துடுவார். பெரிய விஷயம் இன்னொண்ணு. அவருக்கு இடது பக்கம்னு ஒண்ணே கிடையாது. கண்ணு நல்லா இருக்கு, டெஸ்ட் எல்லாம் பண்ணியாச்சு. கண்ணு பாக்குது, மூளை வாங்கிக்க மாட்டேங்குதுன்னார் டாக்டர். எனக்கும் மொதல்ல புரியலை. அப்புறம் தட்டைப் பாத்தேன். வலது பாதியை வழிச்சு சாப்பிட்டிருக்கார், இடது பாதி போட்டது போட்டபடி இருக்கு. இவ்வளவுதான் சமைச்சியான்னு கேக்கறார். நான் தட்டை அரை வட்டம் திருப்பி வெச்சேன். ஓ, இன்னும் இருக்கான்னு சாப்பிட ஆரம்பிச்சுட்டார்.

நீங்களும் அப்படித்தான் பண்ணணும். பாதி சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைங்க. ஷேவிங் பண்ணினா ஒரு கன்னம்தான் பண்ணுவார், மிச்சத்தை நீங்க பாத்துக்கங்க. நியூஸ் பேப்பர் கொடுத்தா ஒவ்வொரு வரியையும் பாதியில இருந்து படிச்சுட்டு, எழுதினவனுக்கு அறிவே இல்லைன்னு திட்டுவார். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். ஆமாங்கன்னு சொல்லிட்டுப் போயிடுங்க.

இல்ல, பேச்சு சுத்தமா இருக்கு. முன்னாடி எப்படிப் பேசினாரோ அப்படியே பேசுவார். அதாவது பேச மாட்டார்.

கணக்கு வாத்தியார். இருபத்தொன்பது வருஷம் ஒரே ஸ்கூல், ஒன்பதாவதும் பத்தாவதும். பசங்க வெச்ச பேரு பாதி மார்க்கு. ரோட்டுல போனா அந்தப் பேரைச் சொல்லிட்டு ஓடுவாங்க. இருபடிச் சமன்பாடு இருக்கில்ல, அதுக்கு ரெண்டு விடை வரும். நீங்க எது வரைக்கும் படிச்சீங்க? பன்னெண்டாவதா? அப்ப ஞாபகம் இருக்கும். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஏழு எக்ஸ் பிளஸ் பன்னெண்டு. பெருக்கினா பன்னெண்டு, கூட்டினா ஏழு. மூணும் நாலும். ரெண்டு பிராக்கெட் போட்டு உடைக்கணும். ரெண்டு விடையில ஒண்ணு எழுதிட்டு ஒண்ணை விட்டா அவர்கிட்ட பாதி மார்க்குதான். அழுதாலும் சரி, ஹெட்மாஸ்டரே வந்து கேட்டாலும் சரி.

அதுலயும் ஒரு கணக்கு வரும். ஒரு ரூமோட நீளம் அகலத்தை விட அஞ்சு மீட்டர் அதிகம், பரப்பு எண்பத்து நாலு, அகலம் என்னன்னு. போட்டா ஒரு விடை ஏழு, இன்னொண்ணு மைனஸ் பன்னெண்டு. மைனஸ்ல ரூம் கட்ட முடியுமா? அதனால பசங்க அந்த மைனஸை எழுதவே மாட்டாங்க, ஏழுன்னு முடிச்சுடுவாங்க. அதுக்கும் பாதி மார்க்கு. அதையும் எழுது, எழுதிட்டு, அகலம் மைனஸ்ல வராது அதனால இது வேண்டாம்னு ஒரு வரி எழுதித் தள்ளுன்னு சொல்வார். பாக்காம விடறது வேற, பாத்துட்டு வேணாம்னு தள்ளறது வேறன்னு கத்துவார். இங்க வீட்டுல டியூஷன் எடுக்கறப்ப கத்துவார், நான் அடுப்படியில நின்னு கேட்டுட்டு இருப்பேன். அப்படிக் கத்துக்கிட்டதுதான் எனக்குத் தெரிஞ்ச கணக்கெல்லாம்.

நான் டீச்சர் இல்லைங்க. பரிட்சைப் பேப்பர் வந்தா அவர் திருத்துவார், நான் கூட்டல் சரிபாப்பேன். கல்யாணமான மொத வருஷத்துல இருந்து அதுதான் நாங்க சேந்து செஞ்ச ஒரே வேலை. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். சிவப்புப் பேனா அவருக்கு, பச்சைப் பேனா எனக்கு.

அதான் சொல்ல வந்தேன், இந்த எழுதற பலகையையும் நோட்டையும் உங்ககிட்ட ஒப்படைக்கணும். தெரபிக்கு ஒரு பொண்ணு வருது, செவ்வாயும் வெள்ளியும். ரொம்பப் பொறுமை அந்தப் பொண்ணுக்கு. மொதல்ல ஒரு தாள் நிறைய நட்சத்திரம் போட்டு எல்லாத்தையும் அடிங்க சார்ன்னுது. நான் என்ன எல்.கே.ஜி.யான்னு தாளைத் தூக்கிப் போட்டுட்டார். நான்தான் சொன்னேன், இருபடி கொடுத்துப் பாரும்மா, அதை மட்டும் தூக்கிப் போட மாட்டார்னு. அதுல இருந்து தினம் காலையில ஒண்ணு. இந்த நோட்டுல இடது ஓரத்துல சிவப்பா ஒரு கோடு இருக்கு பாருங்க, பக்கத்துக்குப் பக்கம் நான் போட்டது. சிவப்புக் கோட்டைக் கண்டுபிடிங்க, அங்க இருந்து ஆரம்பிங்கன்னு சொல்லணும். அவர் தலை மெதுவாத் திரும்பும், கோட்டைப் பிடிச்சதும் கணக்கு முழுசாத் தெரிஞ்சுடும். பிராக்கெட் எல்லாம் மனசுலயே உடைச்சுடுவார், சரியா எழுதுவார். எழுதி முடிச்சதும் கோடு மறந்து போயிடும். ரெண்டு பிராக்கெட்டும் அவர் எழுதினதுதான், ஆனா வலது பக்கம் இருக்கறது மட்டும்தான் கண்ணுக்கு. எக்ஸ் நாலுன்னு எழுதிட்டுப் பேனாவை மூடிடுவார்.

இன்னும் ஒண்ணு இருக்கில்லன்னு கேட்டேன் ஒரு நாள். போட்டுப் பாரு, பதினாறுல இருபத்தெட்டு போயி பன்னெண்டு சேத்தா பூஜ்யம், சரியா இருக்கேங்கறார். சரிதான். தப்புன்னு எப்படிச் சொல்றது? சரியான விடைதான், பாதிதான். அவர்கிட்ட போயி பாதி மார்க்குன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

இந்த நோட்டுல அங்கங்க ஃபுல் மார்க் இருக்கா? அதைப் பாத்து ஏமாந்துடாதீங்க. அது என் திருட்டுத்தனம். சில நாள் ரொம்பச் சோர்ந்து போயிருப்பார். அன்னைக்கு எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஆறு எக்ஸ் பிளஸ் ஒன்பதுன்னு கொடுத்துடுவேன். அதுல ரெண்டு பிராக்கெட்டும் ஒண்ணுதான், ரெண்டு பக்கமும் மூணு. ஒரு விடை எழுதினா போதும், முழுசா வந்துடும். ஃபுல் மார்க்கான்னு கேட்டுக்குவார், ஃபுல் மார்க்குன்னு சொல்லுவேன். தெரபி பொண்ணு கண்டுபிடிச்சு திட்டுச்சு. இப்படிக் கொடுத்தா அவர் எப்படித் திரும்பிப் பாப்பார் ஆன்ட்டின்னு. அப்புறம் நிறுத்திட்டேன்.

பாவம் எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. எனக்குப் பழகிடுச்சு. எட்டு மாசம் ஆச்சில்ல.

நேத்து ரூம் கணக்கு கொடுத்தேன். பரப்பு எண்பத்து நாலு, அதேதான். சமன்பாடு வந்தது, பிராக்கெட் போட்டார். இடது பக்கத்துல எக்ஸ் பிளஸ் பன்னெண்டு, வலது பக்கத்துல எக்ஸ் மைனஸ் ஏழு. ஏழுன்னு எழுதினார், நோட்டை மூடலாம்னு நான் கையை நீட்டிட்டேன். பேனாவை மூடலை. தலை அப்படியே திரும்பிச்சு, கோட்டைத் தேடச் சொல்லி நான் ஒண்ணும் சொல்லலை, தானாத் திரும்பிச்சு. இன்னொரு விடை மைனஸ் பன்னெண்டுன்னு எழுதினார். எழுதிட்டு அடிச்சார். அடிச்சுட்டுக் கீழ ஒரு வரி. இதோ பாருங்க, கை நடுக்கம் இல்லாம எழுதியிருக்கார். அகலம் மைனஸ்ல வராது. எனவே இது வேண்டாம்.

தெரபி பொண்ணுக்கு போன் பண்ணினேன். அது போன்லயே அழுதுடுச்சு. இனிமே வேகமா வந்துடும் ஆன்ட்டி, ரெண்டு மூணு வாரத்துல இடது பக்கம் எல்லாமே பாக்க ஆரம்பிச்சுடுவார்னுது. நல்லதும்மான்னு வெச்சுட்டேன்.

எனக்கா? சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லாம என்ன. ஆனா நான் மொதல்ல பாத்தது அந்தப் பெட்டியைத்தான்.

என்னோடதுதான். எட்டு மாசமா அங்கயே நிக்குது, அவரோட இடது பக்கத்துல. அவருக்குக் கை கால் விழுந்துச்சே, அன்னைக்குக் காலையில கட்டினது. என்னோட படிச்சவ ஒருத்தி பிரஸ் வெச்சிருக்கா, கணக்குப் புத்தகம் அச்சடிக்கறாங்க, பிழை பாக்க ஆள் வேணும், தங்க ரூமும் தரேன்னா. வரேன்னு சொல்லிட்டேன். நல்லா யோசிச்சுத்தான் சொன்னேன்.

இல்லைங்க, அடிக்கலை, குடிக்கலை, அதெல்லாம் ஒண்ணும் இல்லை. எங்கம்மா செத்தப்ப பேப்பர் திருத்தற வேலை இருக்குன்னுட்டு நாலாவது நாள் வந்தார். வந்து, எப்ப கெளம்பலாம்னு கேட்டார். அது ஒண்ணுதானான்னு கேட்டா அது ஒண்ணு இல்லை. மிச்சத்தை வரிசையா எழுதுன்னா எனக்கு எழுத வராது. விடை மட்டும்தான் தெரியும். இருபத்தாறு வருஷம் போட்டுப் பாத்து வந்த விடை.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. மாடல் எக்ஸாம் பேப்பர் ஒரு கட்டு வெச்சுத் திருத்திட்டு இருந்தார். பெட்டியைக் கொண்டு வந்து அங்க வெச்சேன். நான் போறேன், திரும்பி வர மாட்டேன்னேன். தலையைத் தூக்கிப் பெட்டியைப் பாத்தார், என்னைப் பாத்தார். இந்தக் கட்டை முடிச்சுடறேன், இருன்னார்.

இருந்தேன். பைத்தியக்காரி மாதிரி அடுப்படியில போயி ஸ்டூல்ல உக்காந்துட்டு இருந்தேன். அரை மணி நேரம். திரும்பி வந்து பாத்தா, முடிச்ச பேப்பரை வழக்கம் போல என் பக்கமாத் தள்ளியிருக்கார். கை சும்மா இருக்குமா, பச்சைப் பேனாவை எடுத்துட்டேன். மேல இருந்த நாலஞ்சு பேப்பர் ஒரே மாதிரி. தாள்ல வலது பாதிக்கு மட்டும் டிக் போட்டிருக்கு, இடது பாதியைத் தொடவே இல்லை. நூத்துக்கு நூறு எடுக்கற பொண்ணுக்கு நாப்பத்தி ரெண்டு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? என் மேல இருக்கற கோவத்தைப் பசங்க மேல காட்டறார்னு தோணுச்சு. அவருக்கு அவ்வளவு கோவம் வருதேன்னு மனசுல ஒரு ஓரமா சந்தோஷம் கூட. வாசப்படியில போயி உக்காந்துட்டேன். கூப்பிடட்டும்னு. இன்னும் ஒரு முக்கால் மணி நேரம். பேனா கீழ விழுற சத்தம் கேட்டுத்தான் உள்ள போனேன். இடது கை தொங்கிட்டு இருந்தது.

எப்ப ஆரம்பிச்சதுன்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். சீக்கிரம் கொண்டு வந்திருந்தா ரத்தக் கட்டியைக் கரைக்கற ஊசி போட்டிருக்கலாம்னார் டாக்டர். அதையும் கேட்டுக்கிட்டேன்.

பெட்டியைப் பிரிக்க நேரமே இல்லை, அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதுல இருக்கறது நல்ல துணி, இந்த எட்டு மாசமும் பழசைத்தான் கட்டிக்கிட்டேன். எங்க பொண்ணுக்குத் தெரியும், முந்தாநேத்து சொன்னேன். அவ எதுவும் கேக்கலை. நல்ல ஆளா வெச்சுட்டுப் போங்கம்மா, நான் லீவு போட்டு வரேன்னா. இன்னைக்குச் சாயந்திரம் வந்துடுவா. ஆமாங்க, இன்னைக்குத்தான். பதினொண்ணே காலுக்கு பஸ்.

இல்ல, அவருக்குத் தெரியாம எல்லாம் இல்லை. தெரியாமத்தான் போகலாம்னு இருந்தேன். காலையில டீ கொண்டு போனேன், பழக்கத்துல வலது பக்கமா. அவர் என் பக்கம் திரும்பலை. பெட்டி இருக்கற அந்த இடது பக்கத்தையே பாத்துட்டு இருந்தார், ரொம்ப நேரம். அப்புறம் கேட்டார், நீ இன்னும் கெளம்பலையான்னு.

கோவமா இல்லைங்க. சாதாரணமாத்தான் கேட்டார். எப்ப ஞாபகம் வந்ததுன்னு நான் கேக்கலை. பதினொண்ணே காலுக்கு பஸ்னு மட்டும் சொன்னேன். நீ டீ குடிச்சியான்னார். இத்தனை வருஷத்துல அவர் அதைக் கேட்டதில்லை. குடிச்சேன்னு சொல்லிட்டேன். குடிக்கலை.

சரி, மணி ஆச்சு. இந்தப் பெட்டிக்கு ஒரு கை கொடுங்க சிஸ்டர், வாசல் வரைக்கும். மத்தியானம் சாப்பாடு டப்பாவுல இருக்கு, சூடு பண்ணிக் கொடுத்துடுங்க. தட்டைத் திருப்பி வைக்கணும்னு சொன்னேன்ல, அது வேணாம். எந்தப் பக்கம் வெச்சாலும் இனிமே அவருக்குத் தெரியும்.